மலையூரில் வீடு வாங்குமுன் அந்த 46 படிகளைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி (மூன்று பக்கக் கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 61, மனைவிக்கு 58. அடுத்த ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பத்து வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு இளவயதிலிருந்தே ஆஸ்துமா, இன்ஹேலரில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நகரத்து இரைச்சலும் புகையும் போதும் என்றாகிவிட்டது. சின்ன மலையூர் ஒன்றில் வீடு வாங்கி மிச்சக் காலத்தை அங்கே கழிக்க ஆசை. இரண்டு ஊர்கள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 1,200 மீட்டர் உயரம், கடைத்தெருவும் நடமாட்டமும் உள்ள ஊர். இன்னொன்று 2,300 மீட்டர், மிகவும் அமைதி. அங்கே சாலையிலிருந்து 46 படி ஏறினால் ஒரு வீடு, வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. மூன்று முறை போய்த் தங்கிவிட்டு வந்தோம், மூன்று முறையும் கோடை விடுமுறையில். மனைவிக்கும் சம்மதம்தான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, நான் ஓட்டுவேன். மருத்துவராக நீங்கள் எந்த ஊரைச் சொல்வீர்கள்?

பதில்:

ஐயா, வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்று என்றால் 1,200 மீட்டர் ஊர்தான். அந்த 46 படி வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். 1,200 மீட்டர் ஊரிலும் உடனே வாங்க வேண்டாம், முதலில் வாடகைக்குப் போய் இருங்கள், அதுவும் அந்த ஊரின் மோசமான மாதங்களில். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். மலைப்பகுதி மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான், உங்களைப் போலவே ஆசையோடு மேலே வந்த தம்பதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாக இருந்தவர்களும் உண்டு, இரண்டே வருடத்தில் மூட்டை கட்டியவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நான் பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் உடம்பில் இல்லை, அவர்கள் எந்த ஊரில் எந்த வீட்டைப் பிடித்தார்கள் என்பதில்தான் இருந்தது.

முதலில் உயரம். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்கிறோம் இல்லையா, விகிதம் எங்கேயும் அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றின் அழுத்தம். 2,300 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கு, 1,200 மீட்டரில் சுமார் 87 சதவீதம். அதாவது மேலே உள்ள ஊரில் ஒவ்வொரு மூச்சிலும் கால் பங்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கும். பயணிகள் விமானம் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். ஆக, 2,300 மீட்டரில் குடியிருப்பது என்றால், காற்றைப் பொறுத்தவரை, விமானத்துக்குள்ளேயே குடியிருப்பது மாதிரி. இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தால் சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும். உலகில் இதைவிட உயரமான ஊர்களில் பல லட்சம் பேர் வாழ்கிறார்கள், பொலிவியாவின் லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டரில் இருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், 61 வயதில் மேலே ஏறியவர்கள் இல்லை.

மலைநோய் என்கிற தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும், அதனால் உங்களுக்கு அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். நான் யோசிப்பது பத்து வருடம் கழித்து. அப்போது உங்கள் இதயம் கொஞ்சம் பலவீனப்பட்டிருக்கலாம், அல்லது ஒரு நிமோனியா வந்து போயிருக்கலாம். சமவெளியில் சமாளித்துவிடக்கூடிய அதே நோய், முக்கால் பங்கு ஆக்சிஜனில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், கையிருப்பு குறைவு என்பதால். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கப் பிரச்சினை உங்களுக்கு இருந்தால் (இருக்கிறதா என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும், உங்களுக்குத் தெரியாது) அதுவும் உயரத்தில் மோசமாகும்.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும், உங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏழு டிகிரி வித்தியாசம் வரும். கோடையில் அந்த ஏழு டிகிரி சுகம். குளிர்காலத்தில் விடியற்காலை எழுந்து குளியலறைக்குப் போகும்போது அதே ஏழு டிகிரி இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். மாரடைப்பு குளிர்காலத்தில் கூடுவது பல நாடுகளில் பார்த்து உறுதியான விஷயம். எங்கே போனாலும் சரி, அழுத்தமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும், முதல் இரண்டு மாதம் காலையும் மாலையும் குறித்து வையுங்கள், மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அடுத்து ஆஸ்துமா. மலைக்காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில் பாதி உண்மை. சுவிட்சர்லாந்தின் டாவோஸ், சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நுரையீரல் நோயாளிகள் தேடிப்போய்த் தங்கிய இடம். அங்கே காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருப்பதால் படுக்கையில் வளரும் தூசிப்பூச்சிகள் பிழைக்க முடிவதில்லை, அந்தப் பூச்சி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சு லேசாகிவிடும். கவனியுங்கள், அங்கே வேலை செய்வது வறட்சி. வருடத்தில் ஐந்து மாதம் மூடுபனியும் மழையுமாக இருக்கும் மலையூரில் நடப்பது நேர் எதிர். சுவரில் பூஞ்சணம், மெத்தையில் ஈரம், அலமாரியைத் திறந்தால் மக்கல் வாடை. ஆஸ்துமாக்காரருக்கு இதைவிட மோசமான வீடு கிடையாது.

புகை வேறு. குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். வீடுகளில் விறகு எரித்தால் அந்தப் புகை முழுக்க அந்த மூடிக்குக் கீழேயே நிற்கும். விடிகாலையில் மேலே நின்று பார்த்தால் அழகான வெண்பட்டை மாதிரி தெரிவதில் பாதி பனி, பாதி புகை. எந்த ஊராக இருந்தாலும் குளிர்காலத்தில் ஒருநாள் விடியற்காலை நீங்கள் பார்த்து வைத்த வீட்டின் வாசலில் உங்கள் மனைவி பத்து நிமிடம் நிற்கட்டும், அவருடைய நெஞ்சு சொல்லிவிடும். வீட்டுக்குள் போனால் வடிவமைப்பைப் பார்ப்பதற்கு முன் அலமாரிகளையும் கட்டிலையும் கொஞ்சம் நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர் என்றால் இன்னும் உற்றுப் பாருங்கள். வீட்டின்மேல் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, எத்தனை மணிக்கு எதிர்மலை மறைக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், குளிர்காலத்து நேரத்தைக் கேளுங்கள். பத்தரை மணிக்கு வந்து இரண்டரைக்குப் போய்விடும் வெயிலில் துணியும் காயாது, சுவரும் காயாது.

இனி அந்தப் படிகள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், உங்கள் வீடு மாதிரியே சாலையிலிருந்து ஐம்பதுக்கும் மேல் படி ஏறிப் போகும் ஒரு வீட்டை வாங்கினார்கள். ஆறு வருடம் மிகச் சந்தோஷமாக இருந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். தினமும் ஏறி இறங்குவதே எங்களுக்கு உடற்பயிற்சி என்பார் கணவர். ஏழாவது மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆம்புலன்ஸ் சாலையில் வந்து நின்றுவிட்டது, ஸ்ட்ரெச்சர் அந்தப் படித் திருப்பத்தில் திரும்பவில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, உடைந்த இடுப்போடு, நான்கு பேர் மழையில் தூக்கி இறக்கினார்கள். அந்தப் படிகளை இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்னால் ஒருவர் டார்ச் பிடிக்க, அவர் மனைவி குடையை அவர் முகத்துக்கு மேல் பிடித்தபடியே வந்தார், தான் நனைவதை அந்த அம்மா கவனிக்கவே இல்லை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு அவரால் திரும்பிப் போக முடியவில்லை, ஒருநாள் கூட. சாமான்களை யாரோ கட்டிக் கீழே அனுப்பினார்கள்.

46 படி இன்று உங்களுக்கு ஒன்றுமில்லை. முழங்கால் தேயத் தொடங்கும்போது ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும், உடம்பு எடையை ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை பிடித்துப் பிடித்து விட வேண்டும். அப்புறம் நீங்கள் கீழே போவதைத் தள்ளிப் போடுவீர்கள். வாரத்துக்கு நான்கு முறை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். ஒருவர் மருந்து வாங்காமல் விடுவதும், நண்பரைப் பார்க்காமல் விடுவதும், கடைசியில் யாரோடும் பேசாமல் இருப்பதும் இப்படித்தான் படிப்படியாக நடக்கிறது. வண்டி வாசல் வரை வர வேண்டும். வாசலிலிருந்து படுக்கையறை, குளியலறை வரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளத்தாக்குக் காட்சிக்கு, ஊரிலேயே ஒரு திருப்பத்தில் பெஞ்சு இருக்கும், அங்கே போய் உட்காரலாம்.

மருத்துவமனை பற்றி எல்லோரும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். மலையில் கிலோமீட்டருக்கு அர்த்தமே இல்லை, நிமிடத்தில் கேளுங்கள், அதுவும் மழை பெய்யும் இரவில் எத்தனை நிமிடம் என்று. பக்கவாதம் வந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆகவே கேள்வி ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதல்ல, இரவிலும் இயங்கும் சி.டி. ஸ்கேன் எங்கே இருக்கிறது என்பது. மாரடைப்பில் அடைப்பை பலூன் வைத்துத் திறக்க இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோக முடிந்தால் நல்லது, முடியாத தூரம் என்றால் கரைக்கும் ஊசியையாவது உள்ளூர் மருத்துவமனையில் போடும் வசதி இருக்க வேண்டும், அதை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவசரம்கூட ஒருமுறை வந்து போவது. டயாலிசிஸ், கதிர்வீச்சு சிகிச்சை மாதிரி வாரத்துக்குப் பல முறை போக வேண்டியது வந்தால் மலைப்பாதையில் அந்தப் பயணமே ஒரு நோயாகிவிடும்.

மருந்துக்கடையில் கேட்க ஒரு கேள்வி சொல்கிறேன், இது நான் எல்லோருக்கும் சொல்வது. சாலை அடைபட்டுவிட்டால் எத்தனை நாளைக்குச் சரக்கு இருக்கும் என்று கேளுங்கள். போன முறை எப்போது அடைபட்டது, எத்தனை நாளில் திறந்தார்கள் என்றும் கேளுங்கள். கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொன்னால் அது அடிக்கடி நடக்கிறது என்று அர்த்தம். அங்கேயே அரைமணி நேரம் நின்று தெருவைப் பாருங்கள். கோல் ஊன்றிய முதியவர்கள் தாங்களாகவே நடந்து வந்து மருந்து வாங்கிப் போகிறார்களா? அப்படியானால் அது முதுமையைத் தாங்கும் ஊர். தெரு முழுக்கச் சுற்றுலாப் பயணிகளும் இளைஞர்களும்தான் என்றால், இந்த ஊரின் வயதானவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் கீழே, பிள்ளைகளிடம் போயிருப்பார்கள்.

நிலம் பற்றி நான் பொறியாளர் அல்ல, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. இமயமலையில் ஜோஷிமட் என்ற ஊர் பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்மேல் அமைந்திருக்கிறது, அங்கே கனமான கட்டுமானம் கூடாது என்று 1976லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டு மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மண் நகர்வது ஒரே நாளில் வருவதல்ல, அறிகுறி காட்டும். சரிவில் நிற்கும் மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் அந்த மண் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கலாம். சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், சட்டத்தில் சிக்கித் திறக்காத கதவு, முன்னால் சாய்ந்த மின்கம்பம், நடுவே தொப்பை தள்ளிய தடுப்புச் சுவர் இவற்றையெல்லாம் பாருங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருக்க வேண்டும், மழைநாளில் அவற்றில் தண்ணீர் வர வேண்டும். மலையை வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய இடத்தில் கட்டிய வீடு வேண்டாம், ஓடை வாயிலில் வேண்டவே வேண்டாம், ஓடை வறண்டு கிடந்தாலும். வாங்கும் கட்டத்துக்கு வந்தால் மண்ணியல் தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.

ஊரைவிட்டு வெளியேற எத்தனை சாலை இருக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்று ஒரு சின்ன மலையூர், ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஊர். 2018 நவம்பர் 8 அன்று காட்டுத்தீ அந்த ஊருக்குள் புகுந்தது, வெளியேறும் சில சாலைகளும் வண்டிகளால் அடைத்துக்கொண்டன. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். உங்கள் 2,300 மீட்டர் ஊருக்கு ஒரே சாலை என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், அமைதிக்குக் காரணமாக. எனக்கு அதைப் படித்ததும் மனசு கனத்தது.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கீழே இருக்கும் வீட்டை விற்று மேலே போடாதீர்கள், குறைந்தது மூன்று வருடத்துக்காவது. மலையூர் வீட்டை வாங்குவது சுலபம், அவசரத்தில் விற்பது கஷ்டம்.

இப்போது நான் உண்மையில் எழுத நினைத்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் உங்கள் மனைவியைப் பற்றி ஆஸ்துமா ஒரு வரி, கார் ஓட்டத் தெரியாது என்பது ஒரு வரி, மனைவிக்கும் சம்மதம்தான் என்பது ஒரு வரி. ஐயா, வருத்தப்படாமல் கேளுங்கள், இருவரும் ஒரே நாளில் போகப் போவதில்லை. உங்களைவிட அவர் மூன்று வயது இளையவர், பொதுவாகப் பெண்கள் ஆண்களைவிடச் சில வருடம் கூடுதலாகவும் வாழ்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்த ஊரில் கடைசி ஆறேழு வருடம் அவர் தனியாக இருக்கக்கூடும். கார் வாசலில் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது. பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார்கள். இப்போது வருகிறோம் வருகிறோம் என்று சொல்லும் நண்பர்கள் முதல் வருடம் நிச்சயம் வருவார்கள், மூன்றாம் வருடம் குறைந்துவிடும். அது அவர்கள் குற்றமில்லை, அவர்களுக்கும் வயதாகிறது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இருவரும் கைகோத்து நடக்கும் மாலையை நினைக்கிறோம், அது இயல்பு, நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் கையெழுத்துப் போடும்போது அவர் தனியாக இருக்கும் மாலையை நினைத்துப் போடுங்கள். அவர் காலாற நடந்து கடைக்குப் போய் வர முடியுமா, ஷேர் ஆட்டோவோ பஸ்ஸோ வாசல் பக்கம் வருமா, பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்க நான்கு வீடு இருக்குமா? 1,200 மீட்டர் ஊரை நான் சொல்வதற்கு ஆக்சிஜனைவிட இதுதான் பெரிய காரணம். நீங்கள் கொஞ்சம் சத்தமான ஊர் என்று எழுதியிருக்கும் அந்தக் கடைத்தெரு, அவருக்கு ஒருநாள் பெரிய துணையாக இருக்கும்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள 58 ஒன்றும் தாமதமான வயதில்லை. மலைக்குப் போகுமுன் கீழேயே கற்றுக்கொள்ளட்டும். மலையூரில் அவருக்கென்று தனியாக நாலு பேர் பழக்கம் வேண்டும், உங்கள் வழியாக வந்த பழக்கம் மட்டும் போதாது. நூலகமோ, தையல் வகுப்போ, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதோ, அவருக்குப் பிடித்தது எதுவோ அது அந்த ஊரில் இருக்கிறதா என்று வாடகை வீட்டில் இருக்கும்போதே பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம் என்றால், ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் மழைக்காலத்தைக் கோடை விடுமுறை மாதிரி நினைத்துக்கொண்டு 1,200 மீட்டர் ஊரில் சாலை மட்டத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, மழைக்காலமும் அதையடுத்த குளிர்காலமும் சேர்த்து ஆறு மாதம் இருங்கள். போகுமுன் இருவரும் இதயத்துக்கு எக்கோ, மனைவியின் நுரையீரலுக்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள், விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று கையோடு இருக்கட்டும். நடுவில் ஒரு பத்து நாள் நீங்கள் மட்டும் கீழே வந்துவிடுங்கள், ஏதாவது வேலை இருக்கிறது என்று சொல்லி அல்ல, எதற்காக என்று அவரிடம் சொல்லிவிட்டே வாருங்கள். அந்தப் பத்து நாளில் அவர் தனியாகக் கடைக்குப் போகட்டும், மின்சாரம் போன இரவைப் பார்க்கட்டும், கதவைத் தாழிட்டுத் தூங்கிப் பார்க்கட்டும்.

பத்து நாள் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் வேண்டும், அதை உங்கள் மனைவி எழுதட்டும்.